போனில் இருக்கும் டிரைவிங் லைசென்ஸ்: அட்டை இல்லாமல் வெளியே போகலாமா?

தாம்பரம்_பைக் கேட்டது:

யுபிஐ வந்த பிறகு என் பர்ஸில் மிச்சம் இருப்பது லைசென்ஸ் அட்டை மட்டும்தான். அதையும் டிஜிலாக்கரில், அதாவது ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசு ஆப்பில், எடுத்து வைத்தாயிற்று. இனி பர்ஸே வேண்டாம் என்று முடிவு செய்வதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ரோட்டில் செக்கிங் நடக்கும்போது போனில் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லை எதிரில் நிற்கும் போலீஸ்காரர் மனசு வைத்தால்தானா? ரயிலில் டிடிஆர், ஏர்போர்ட், பேங்க் இங்கெல்லாம் நிலைமை என்ன? ஸ்கிரீன்ஷாட் செல்லுமா?

இன்னும் இரண்டு சிக்கல். அப்பாவின் லைசென்ஸ் 1990களில் எடுத்தது. எண்ணைப் போட்டால் ‘விவரம் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. தங்கையுடையது ‘ஆதார் விவரத்துடன் பொருந்தவில்லை’ என்கிறது. இரண்டுக்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிரிவு130 எழுதியது:

ரோடு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

சீருடையில் உள்ள போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவு. எப்படிக் காட்டலாம் என்பதைச் சொல்வது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-வது விதி. 2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கர் அல்லது அமைச்சகத்தின் எம்பரிவாகன் ஆப்பில் காட்டும் லைசென்ஸையும் ஆர்சியையும் (வண்டிப் பதிவுச் சான்று) அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் 139-வது விதியையே திருத்தி, ஆவணத்தைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று சேர்த்துவிட்டார்கள். 2020 அக்டோபர் 1 முதல் இன்னும் ஒரு படி மேலே: அதிகாரி தன் கருவியில் பார்த்து விவரம் சரி என்று உறுதியாகிவிட்டால், அதன்பின் அட்டையைக் கேட்கவே கூடாது. வழக்குப் போட்டு லைசென்ஸைப் பறிமுதல் செய்ய வேண்டிய நிலை வந்தாலும் அட்டையைப் பிடுங்க வேண்டியதில்லை, இ-சலான் வழியாகச் சாரதி என்ற அரசு லைசென்ஸ் தரவுத்தளத்தில் பதிந்தால் போதும்.

ஆகவே மனசு வைப்பது, வைக்காதது என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஏற்பது உங்கள் திரையில் தெரியும் படத்தை அல்ல, அந்த எண்ணுக்குப் பின்னால் சாரதியில் இருக்கும் பதிவை. கையில் உள்ள இ-சலான் கருவியில் எண்ணைத் தட்டுவார், அல்லது கியூஆர் கோடை ஸ்கேன் செய்வார். பதிவு செல்லுபடியில் இருந்தால் வேலை முடிந்தது. தடை செய்யப்பட்டிருந்தாலோ காலாவதியாகியிருந்தாலோ திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பயனில்லை.

அபராத விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறும் இடம்: லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவது 181-வது பிரிவு, 5,000 ரூபாய். லைசென்ஸ் இருந்தும் கேட்ட நேரத்தில் காட்டாதது வேறு குற்றம், 177-வது பிரிவில் முதல் முறை 500, அடுத்த முறை 1,500. போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் உங்கள் நிலை இரண்டாவதுதான், முதலாவது அல்ல. சலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். லைசென்ஸ் எண் மனப்பாடமாக இருந்தால் செத்த போனோடு நின்றாலும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எண்ணும் பிறந்த தேதியும் சொன்னால் அவரே கருவியில் எடுத்துப் பார்க்க முடியும்.

அப்புறம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘ஆப்பைத் திறந்து வைப்போம்’ என்று போனை எடுக்காதீர்கள். அதற்கே தனி சலான் உண்டு. ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திறங்கள்.

---

ஏழுபூஜ்யம் எழுதியது:

அப்பாவுடைய சிக்கலுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் எண்ணை எழுதும் முறைதான்.

சாரதி எதிர்பார்க்கும் வடிவம் இது: மாநிலக் குறியீடு இரண்டு எழுத்து, ஆர்டிஓ எண் இரண்டு இலக்கம், லைசென்ஸ் கொடுத்த ஆண்டு நான்கு இலக்கம், கடைசியில் வரிசை எண் ஏழு இலக்கம். பழைய லைசென்ஸில் நடுவே சாய்கோடு, வேறு எழுத்துகள், இரண்டே இலக்கத்தில் ஆண்டு எல்லாம் இருக்கும். அதை அப்படியே அடித்தால் கிடைக்காது. நடுவில் வரும் சாய்கோட்டை எடுத்துவிட்டு, 96 என்று இருந்தால் 1996 என்று விரித்து, வரிசை எண் ஏழு இலக்கத்துக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். மாதிரிக்கு, 22-ஆம் எண் ஆர்டிஓ 1996-ல் கொடுத்த 1234 என்றால் டிஎன்-2219960001234. மாநில எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, அடுத்து ஒரு சிறு கோடு. கோடு போட்டும் வரவில்லை என்றால் கோட்டை எடுத்துவிட்டு, ஆர்டிஓ எண்ணுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சில லைசென்ஸ்களில் ஆர்டிஓ எண்ணை ஒட்டி ஒய், இசட் மாதிரி ஓர் எழுத்து இருக்கும். அது அலுவலகத்தின் அடையாளம், எண்ணின் பகுதி. அதை விட்டுவிடக் கூடாது.

இப்படி அடித்தும் கிடைக்கவில்லையா? பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் விவரம் பார்க்கும் பக்கத்தில் அதே எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் கோளாறு டிஜிலாக்கர் பக்கம், ஓரிரு நாள் கழித்து மறுபடி முயன்றால் போதும். அங்கேயும் இல்லை என்றால், கையால் எழுதிய பழைய பதிவேடு கணினிக்கு ஏறவே இல்லை என்று பொருள். ஆன்லைனில் இதற்கு வழி கிடையாது. லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ ஆபீஸில் அசலைக் காட்டி, ‘பேக்லாக் என்ட்ரி’ போடச் சொல்ல வேண்டும். கவுண்டரில் அந்தச் சொல்லையே சொல்லுங்கள், உடனே புரியும். அதோடு அப்பாவின் இப்போதைய மொபைல் எண்ணையும் ஏற்றச் சொல்லிவிடுங்கள், பிறகு ஓடிபிக்கு அலைய வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த லைசென்ஸ் இன்னும் செல்லுமா என்று பார்த்தீர்களா? தொண்ணூறுகளில் எடுத்ததென்றால் இதற்குள் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் அப்போதே கணினியில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம், புது அட்டையில் இருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டி வரும்.

தங்கையுடையது நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. லைசென்ஸில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ என்று மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், அல்லது இனிஷியல் முன்னால் போயிருக்கும். டிஜிலாக்கர் ஆதாரில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் சாரதியில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் ஆவணத்தைக் கொடுக்கும். புள்ளி, இடைவெளி போன்ற சின்ன வித்தியாசத்தில் சில நேரம் நழுவிப் போகலாம். ஓர் எழுத்துக்கும் ஒரு முழுப் பெயருக்கும் உள்ள வித்தியாசத்தை விடாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் மட்டும் பெயரை மாற்றியிருந்தாலும் இதே பிழைதான் வரும்.

எதைத் திருத்துவது? லைசென்ஸைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அந்த வாய்ப்பை இதற்குச் செலவழிக்க வேண்டாம். தவிர, ஆதாரைத் தொட்டால் பான், பேங்க், பிஎஃப் எல்லாம் வரிசையாக ஆடும். சாரதி தளத்தில் லைசென்ஸில் பெயர் மாற்றும் சேவை இருக்கிறது. விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, ஆதாரில் உள்ளபடி மாற்றிக்கொள்ளலாம். புது அட்டையும் கிடைக்கும்.

அவசரத்துக்கு எம்பரிவாகன் ஆப் உண்டு. அது ஆதாரைத் தொடுவதில்லை. லைசென்ஸ் எண், பிறந்த தேதி, சாரதியில் பதிவான மொபைலுக்கு வரும் ஓடிபி, இவ்வளவுதான். மொபைல் எண் பழையதென்றால் அதை மாற்றும் சேவையும் சாரதி தளத்தில் இருக்கிறது.

---

மூன்றாம்_நடைமேடை எழுதியது:

ரயிலில் செல்லும், ஒரு நிபந்தனையோடு. 2018 ஜூலையில் ரயில்வே வெளியிட்ட உத்தரவுப்படி, டிஜிலாக்கரில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருக்கும் ஆதாரும் டிரைவிங் லைசென்ஸும் அடையாளச் சான்றாக ஏற்கப்படும். பயணி தன் கணக்கில் நுழைந்து காட்ட வேண்டும். நீங்களே போட்டோ எடுத்துப் ‘பதிவேற்றிய ஆவணங்கள்’ பகுதியில் வைத்த அட்டை செல்லாது என்று அந்த உத்தரவே சொல்கிறது.

இந்த இரண்டு பகுதியையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ‘டிஜிலாக்கரைக் காட்டினேன், டிடிஆர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று புலம்புகிறார்கள். வழங்கப்பட்டது என்றால் அமைச்சகத்தின் தரவுத்தளத்திலிருந்து நேராக வந்தது. பதிவேற்றியது என்றால் அது வெறும் போட்டோ, உங்கள் கேலரியில் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கிரீன்ஷாட் கேள்விக்கும் இதுவே பதில்.

நடைமுறையில் தொந்தரவு சிக்னல். வண்டி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஓடும்போது டிஜிலாக்கர் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி கிளம்புமுன் பிளாட்பாரத்திலேயே ஆப்பைத் திறந்து, ஆறு இலக்கப் பின் போட்டு உள்ளே போய், லைசென்ஸைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு ஆப்பை மூடாமல் வையுங்கள். கூடவே பிடிஎஃபாகவும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் ஸ்கிரீன்ஷாட்டைவிட மதிப்புள்ளது. ஆனால் உத்தரவு சொல்வது கணக்கில் நுழைந்து காட்டுவதைத்தான். பிடிஎஃபைப் பார்த்துவிட்டு டிடிஆர் நகர்ந்தால் நல்லது, நகராவிட்டால் வாதாட இடமில்லை.

ஒரே டிக்கெட்டில் நாலு பேர் போனால் ஒருவருடைய அடையாளம் போதும். அந்த ஒருவர் யார் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் போன் எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

---

தாம்பரம்_பைக் எழுதியது:

நன்றி. பூஜ்யம் சேர்த்துப் போட்டதும் அப்பாவுடையது வந்துவிட்டது, பெரிய உபகாரம்.

இன்னொன்று. செக்கிங்கில் போனைக் கையில் வாங்கிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்துவிட்டால் என்ன செய்வது? அதில்தானே ஜிபே, பேங்க், குடும்ப போட்டோ எல்லாம் இருக்கிறது.

---

ஆப்_பூட்டு எழுதியது:

காட்டுவதுதான் உங்கள் கடமை. எண்ணைப் படித்துக்கொள்ள நீங்களே போனைப் பிடித்துக் காட்டலாம், கியூஆர் கோடைத் திறந்து நீட்டலாம். அப்படியும் கொடுக்க வேண்டி வந்தால், கொடுப்பதற்கு முன் அந்த ஒரு திரையோடு போனைப் பூட்டிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் ஆப் பின்னிங். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். தேடல் பெட்டியில் ‘பின்’ என்று அடித்தால் வந்துவிடும். அதை இயக்கும்போது விடுவிக்கும் முன் பூட்டு எண்ணைக் கேட்கும் பொத்தானையும் இயக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் வெளியே வந்துவிடலாம், பூட்டியதற்கே அர்த்தம் இல்லை. பிறகு டிஜிலாக்கரைத் திறந்து, சமீபத்திய ஆப்களின் பட்டியலுக்குப் போய், அதன் சின்னத்தைத் தொட்டுப் ‘பின்’ கொடுங்கள்.

ஐபோனில் கைடட் அக்சஸ். செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, அதற்குள் கைடட் அக்சஸ். ஒரு கடவுக்குறியீடு வைத்துவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தியதும் அந்தத் திரை உறைந்துவிடும். திரும்ப மூன்று முறை அழுத்திக் குறியீடு போட்டால்தான் விடும். ரோட்டில் நின்று பழகாதீர்கள், வீட்டிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள்.

அமெரிக்காவில் 2022-ல் அரிசோனா மாநிலம் தொடங்கி ஆப்பிள் வாலட்டில் வந்திருக்கும் லைசென்ஸில் இந்தக் கவலை கிடையாது. போனை ரீடரின் அருகில் காட்டினால், எந்தெந்த விவரம் கேட்கிறார்கள் என்று திரையில் வரும். விரலோ முகமோ வைத்துச் சம்மதித்தால் அது மட்டும் போகும். போன் கைமாறுவதே இல்லை. நம்முடையது அந்த வகை அல்ல. இங்கே முழுப் பக்கத்தையும் காட்டித்தான் ஆக வேண்டும். விலாசம், பிறந்த தேதி எல்லாம் கூடவே தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு பக்கம். ‘உங்கள் வண்டிக்குச் சலான் வந்திருக்கிறது, இந்த பரிவாகன் ஆப்பை இன்ஸ்டால் செய்து பாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு, வரும். சின்னம்கூட அசல் மாதிரியே இருக்கும். இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். அசல் எம்பரிவாகனை உருவாக்கியது தேசியத் தகவலியல் மையம். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் அதை இறக்காதீர்கள்.

---

மீனம்பாக்கம்_கியூ எழுதியது:

மீதி இடங்களுக்கு வருகிறேன்.

பேங்க்: காகிதத்தில் பார்த்தால் பிரச்சினையே இல்லை. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளில் டிரைவிங் லைசென்ஸ் அதிகாரப்பூர்வ அடையாள ஆவணங்களில் ஒன்று. டிஜிட்டல் லாக்கரில் வழங்கப்பட்டு, டிஜிட்டல் கையொப்பம் உள்ள வடிவமும் அதற்குச் சமம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கவுண்டரில் இருப்பவர் ஜெராக்ஸ் கேட்டுப் பழகியவர். பிடிஎஃபை மெயிலில் அனுப்புவதுதான் சுமுகமான வழி. அவர் கணினியில் திறந்ததும் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த மென்பொருளுக்கு இந்தியக் கையொப்பச் சான்றிதழை இன்னும் நம்பச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பான் அட்டையோ, பான் இல்லாதவர்கள் தரும் உறுதிமொழிப் படிவமோ தனியாகக் கேட்பார்கள், லைசென்ஸ் அதற்கு மாற்று ஆகாது.

ஏர்போர்ட்: உள்நாட்டுப் பயணத்துக்கு வாசலில் சிஐஎஸ்எஃப் பார்க்கும் அடையாளங்களில் டிரைவிங் லைசென்ஸ் உண்டு. போனில் காட்டுவதென்றால் ஆப்பைத் திறந்து காட்டுங்கள், கேலரியில் இருக்கும் படத்தை நீட்டாதீர்கள். அங்கே தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரால்தான். டிக்கெட்டில் இனிஷியலை விரித்துப் போட்டிருப்பீர்கள், லைசென்ஸில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த அடையாளத்தைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடி பெயரை அடியுங்கள்.

ஓட்டுப் போட: இங்கேதான் போன் முழுக்கக் கைவிடும். வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் காட்டக்கூடிய மாற்று ஆவணங்களில் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் வாக்குச்சாவடிக்குள் போன் கொண்டுபோக முடியாது. 2025-ல் தேர்தல் ஆணையம் வாசலில் போனை ஒப்படைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 100 மீட்டருக்குள் அணைத்த நிலையில்தான் போன் வைத்திருக்கலாம். அணைத்த போனில் லைசென்ஸை எப்படிக் காட்டுவது? அன்றைக்கு அட்டையை எடுத்துப் போங்கள். போட்டித் தேர்வு எழுதும் ஹாலுக்கும் இதே கதைதான்.

வெளிநாடு: டிஜிலாக்கர் இந்திய எல்லையோடு சரி. வாடகைக் கார் எடுக்க அசல் அட்டையும், ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் கேட்பார்கள். அதற்கு விண்ணப்பிப்பது படிவம் 4ஏ-வில், கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். இன்னும் காகிதப் புத்தகம்தான்.

லாட்ஜ், அபார்ட்மென்ட் வாசல் மாதிரி தனியார் இடங்களில் எந்தச் சட்டத்தையும் காட்டி வற்புறுத்த முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் யோசித்து அனுப்புங்கள், உங்கள் விலாசத்தோடு ஒரு நகல் அவர் போனில் நிரந்தரமாகத் தங்கும். ஆதாரைக் கொடுப்பதற்கு லைசென்ஸைக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

---

பர்ஸ்_விடாதவன் எழுதியது:

எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் நான் அட்டையை வீட்டில் விடச் சொல்ல மாட்டேன். போன் தொலைந்தால் லைசென்ஸ், பணம், சிம் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். புதுப் போனில் டிஜிலாக்கருக்குள் நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு ஆதாரோடு இணைத்த சிம் வேண்டும், டூப்ளிகேட் சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அந்த வட்டத்தை உடைப்பது அட்டைதான். பர்ஸில் வைக்கப் பிடிக்கவில்லை என்றால் ஹெல்மெட் வைக்கும் அலமாரியில் வையுங்கள், வண்டி சீட்டுக்கு அடியில் வேண்டாம். வண்டி திருட்டுப் போனால் இதுவும் சேர்ந்து போகும்.

அட்டை இல்லாமல் போனை மட்டும் நம்பியே தீர வேண்டிய காலம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸ் அட்டை ஸ்பீட் போஸ்டில்தான் வீட்டுக்கு வருகிறது. ஒப்புதல் ஆன பிறகு சாரதியில் பதிவு ஏறிவிடும், அட்டை வர நாளாகலாம். அந்த இடைவெளியில் டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொண்டு தாராளமாக வண்டி ஓட்டலாம்.

புதுப்பித்தாலோ, விலாசம் மாற்றினாலோ, கார் ஓட்டவும் சேர்த்து வாங்கினாலோ, போனில் இருக்கும் பழைய பிரதி தானாக மாறிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். டிஜிலாக்கரில் இருப்பதை நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள், இறக்கி வைத்த பிடிஎஃபையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது செல்லுபடித் தேதி. பைக், காருக்கு ஒரு தேதியும், மஞ்சள் போர்டு வண்டிக்கு வேறு தேதியும் தனித்தனியாக இருக்கும். டாக்ஸி ஓட்டுபவர்கள் இரண்டாவதைப் பாருங்கள்.